நாமா மக்களும் அவர்களின் நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமீபியாவின் 50 டாலர் நோட்டில் ஒரு முதியவரின் முகம் இருக்கிறது. பெயர் ஹென்ட்ரிக் விட்பூய். அவர் யார், அவருடைய மக்கள் யார், எந்த நிலத்துக்காக அவர் உயிரை விட்டார் என்று கேட்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. தமிழில் நாமா மக்களைப் பற்றி அதிகம் கிடைப்பதில்லை. அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

நாமா மக்கள் யார்?

தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் மேற்குப் பகுதியில் வாழும் மேய்ச்சல் மக்கள். கொய்கொய் என்ற பெரிய இனக்குழுவைச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆடு மாடு மேய்த்தவர்கள் கொய்கொய் மக்கள். ஐரோப்பியர் வருகைக்குப் பிறகு அவர்களில் பல குழுக்கள் நோயாலும் போராலும் சிதறிப்போயின, மொழியையும் இழந்தன. மொழியோடும் குலத் தலைவர்களோடும் இன்றுவரை நிலைத்து நிற்பவர்களில் பெரிய குழு நாமாதான்.

அவர்களுக்குள் பல குலங்கள் உண்டு. ஹோவஹானாஸ் ஊரைச் சேர்ந்த 'சிவப்பு மக்கள்' என்ற குலத்தை மூத்த குலமாக மதிக்கிறார்கள். கிபியோனில் விட்பூய்கள், வார்ம்பாதில் பொண்டல்ஸ்வார்ட்டுகள், குய்செப் ஆற்றங்கரையில் டோப்நார்கள் என ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிலப்பகுதி, ஒரு தலைவர். தலைவரைக் 'கேப்டன்' என்று அழைக்கும் வழக்கம் டச்சுக்காரர்களின் காலத்தில் வந்து அப்படியே தங்கிவிட்டது.

அவர்களுடைய பூர்வீக நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

நடுவில் ஓடும் ஆற்றிலிருந்து தொடங்கினால் புரிந்துகொள்வது எளிது. உலக வரைபடத்தில் ஆரஞ்சு ஆறு என்று போட்டிருப்பார்கள். நெதர்லாந்து அரச குடும்பத்தை முன்னிட்டு வைத்த பெயர் அது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஆற்றின் பெயர் காரீப். நாமா மொழியில் பெரிய ஆறு என்று பொருள்.

காரீப்புக்குத் தெற்கே, இன்றைய தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருப்பது சிறு நாமாகுவாலாந்து. வடக்கே, நமீபியாவின் தென்பாதி பெரு நாமாகுவாலாந்து. மேற்கே அட்லாண்டிக் கடலும் நமீப் பாலைவனமும். கிழக்கே கலஹாரி மணல். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடப்பதற்கான தண்ணீராகத்தான் நாமாக்கள் அந்த ஆற்றைப் பார்த்தார்கள். அதை நாட்டின் எல்லையாக்கியது பிற்பாடு வந்த பிரிட்டிஷ், ஜெர்மன் ஆட்சிகள். இன்றும் ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு கரையிலும் இருக்கின்றன.

இந்தப் பரப்பை ஆளில்லாப் பாலை என்று பழைய பயணிகள் எழுதிவைத்தார்கள். அதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே போதும். கீட்மன்ஸ்ஹூப் நகரத்தின் நாமா பெயருக்குக் கருஞ்சேறு என்று பொருள். தலைநகர் விண்ட்ஹூக்கின் பழைய பெயர் அங்கிருந்த வெந்நீர் ஊற்றைச் சொல்கிறது. ஆய்-ஆய்ஸ் என்றால் கொதிக்கும் தண்ணீர். நமீப் என்பதே பரந்த வெளியைக் குறிக்கும் நாமா சொல். நமீபியா என்ற நாட்டின் பெயர் அதிலிருந்து பிறந்தது. சேறு எங்கே, ஊற்று எங்கே என்று அடையாளம் கண்டு பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து போனவர்களின் நிலம் இது.

மழையே இல்லாத இடத்தில் எப்படி ஆடு மாடு வளர்க்க முடிந்தது?

இடம் மாறிக்கொண்டே இருந்ததால்.

சிறு நாமாகுவாலாந்தின் வடக்கு மூலையில் ரிக்டர்ஸ்வெல்ட் என்ற மலைநாடு இருக்கிறது. அதன் பல இடங்களில் ஓர் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஆனால் அங்கே மழை குளிர்காலத்தில் வருகிறது, கடலிலிருந்து அதிகாலையில் பனிமூட்டமும் ஏறி வருகிறது. அந்த ஈரத்தைக் குடித்து, இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகள் ஆயிரக்கணக்கில் வளர்கின்றன. நம் கண்ணுக்குக் கல்லும் முள்ளுமாகத் தெரிகிற இடத்தில் ஆட்டுக்குத் தீனி இருக்கிறது. எந்த மாதம், எந்தச் சரிவில் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிர்கால மழை பெய்ததும் மந்தை சமவெளிக்குப் போகும். கோடையில் எல்லாம் காய்ந்ததும் ஆற்றங்கரைக்கும் நிலையான ஊற்றுகளுக்கும் திரும்பும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழக்கமான கிடைகள் உண்டு. ஓர் இடத்தில் புல் தீரும்முன்பே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்; விட்டு வந்த இடம் மறுபடி துளிர்க்க நேரம் கிடைக்கும். யார் எந்த ஊற்றில் எப்போது தண்ணீர் காட்டலாம் என்பதற்கு முறை இருந்தது. வெளியார் மந்தை வந்தால் அனுமதி கேட்க வேண்டும்.

இதை 'நாடோடி வாழ்க்கை' என்ற ஒரு சொல்லில் அடக்குவது தவறான எண்ணத்தைத் தரும். நாடோடி என்றால் கால் போன போக்கில் திரிபவர் என்று நினைத்துவிடுகிறோம். நாமா மேய்ப்பர் ஆண்டுதோறும் அதே கிடைகளுக்குத் திரும்பி வருகிறவர். இந்த வேறுபாடு பின்னால் ஒரு நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய விஷயமானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அவர்களுடைய பாய் வீடு பற்றிக் கேள்விப்பட்டேன். அது எப்படி இருக்கும்?

ஹருஓம்ஸ் என்று பெயர். ஓம்ஸ் என்றால் வீடு. வளையும் மரக்கழிகளைத் தரையில் வட்டமாக ஊன்றி, உச்சியில் வளைத்துக் கட்டி, மேலே கோரைப் பாய்களைப் போர்த்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த பெரிய கூடை போல இருக்கும்.

வீட்டின் நுட்பம் முழுக்க அந்தப் பாயில்தான். இந்தப் பாயைத் தறியில் நெய்வதில்லை. கோரைத் தண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, நீண்ட ஊசியால் குத்திக் கயிறு கோத்துத் தைக்கிறார்கள். வெயிலில் தண்டு காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விழுந்து காற்று உள்ளே வரும். மழை பட்டதும் தண்டு ஊறிப் பருத்து இடைவெளி அடைபட்டு, தண்ணீர் வெளியே வழிந்துவிடும். பாய் செய்வது பெண்களின் கைவேலை. அடுத்த கிடைக்குக் கிளம்பும் நாளில் பாயைச் சுருட்டி, கழிகளைக் கட்டி, பொதி எருதின் முதுகில் ஏற்றிவிட்டால் வீடே கூட வந்துவிடும்.

இப்போது பலர் பாய்க்குப் பதிலாகச் சாக்கையும் தார்ப்பாயையும் போடுகிறார்கள். கோரை கிடைப்பது குறைந்ததும், பொறுமையாகத் தைக்கத் தெரிந்த பாட்டிகள் குறைந்ததும் காரணம். ஆனாலும் ரிக்டர்ஸ்வெல்டில் ஹருஓம்ஸ் இன்னும் எழும்புகிறது. சிமெண்ட் வீட்டின் பின்புறத்தில் சமையலுக்கும் வெயிலுக்கு ஒதுங்கவும் ஒன்றைக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு.

'ஹாட்டன்டாட்' என்பதும் இவர்களைத்தானே குறிக்கிறது? அப்படிச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. டச்சுக் குடியேறிகள் இவர்கள் பேச்சைக் கிண்டல் செய்யும் தொனியில் வைத்த பெயர் அது. இன்று அது வசவு. பழைய புத்தகங்களில் கண்டால் யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

அவர்கள் மொழியில் நாக்கால் சொடுக்குப் போடுவார்கள் என்பது உண்மையா?

உண்மை. மொழியின் பெயர் கொய்கொய்கோவாப். நாமாக்களோடு டமாரா மக்களும் ஹாய்ஓம் மக்களும் அதைப் பேசுகிறார்கள்.

அடிப்படைச் சொடுக்குகள் நான்கு. முதலாவது நமக்கும் பழக்கமானது: யாராவது கஷ்டத்தைச் சொன்னால் 'ச்சு ச்சு' என்று உச்சுக் கொட்டுவோமே, அதே ஒலி. நாக்கு நுனி பல்லின் பின்புறத்தைத் தொட்டு விலகும். இரண்டாவது, வண்டி மாட்டை முடுக்கும்போது கன்னத்தோரமாக எழுப்பும் 'க்ளக்'. மூன்றாவது, நாக்கை மேல் ஈறில் ஒட்டி பலமாகக் கீழே இழுத்தால் வரும், பாட்டில் மூடி திறப்பது போன்ற ஒலி. நான்காவது, நாக்கை அகலமாக அண்ணத்தில் அப்பி இழுக்கும் கூர்மையான ஒலி. எழுத்தில் இவற்றுக்கு முறையே ஒரு நிற்கும் கோடு, இரண்டு நிற்கும் கோடுகள், ஓர் ஆச்சரியக்குறி, இரண்டு குறுக்குக்கோடு வெட்டிய நிற்கும் கோடு ஆகியவற்றைப் போடுகிறார்கள். நாமாப் பெயர்களின் நடுவே ஆச்சரியக்குறியைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அதுவும் ஓர் எழுத்துதான்.

இந்த நான்கும் மூக்கொலி, மூச்சொலி போன்றவற்றோடு சேர்ந்து இருபது வகை ஒலிகளாகப் பெருகுகின்றன. அதோடு சொல்லின் தொனி மாறினால் பொருளும் மாறும். தமிழ் எழுத்தில் நான் இங்கே தரும் நாமாச் சொற்களில் சொடுக்குகள் எல்லாம் விழுந்துபோய்விட்டன என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன். 'ஆய்-ஆய்ஸ்' என்று நீங்கள் வாசித்ததில் இரண்டு உச்சுக்கொட்டல்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொய்ப் என்றால் ஆண், கொய்ஸ் என்றால் பெண், கொயின் என்றால் மக்கள். கடைசி ஒலியே பாலையும் எண்ணையும் சொல்லிவிடுகிறது. கொய்கொயின் என்ற இனப்பெயரும் இந்தச் சொல்லை அடுக்கிப் பிறந்ததுதான்.

இன்னும் எத்தனை பேர் அதைப் பேசுகிறார்கள்?

நமீபியாவில் மொழி உயிரோடு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 11 சதவீத வீடுகளில் அதுதான் பேச்சுமொழி. பள்ளியில் பாடமாக இருக்கிறது, வானொலியில் கேட்கிறது.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. அங்கே 1950-ன் மக்கள் பதிவுச் சட்டம் நாமாக்களைக் 'கலப்பினத்தார்' என்ற பிரிவில் போட்டது. பள்ளியிலும் தேவாலயத்திலும் டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி. நாமா பேசிய பிள்ளைக்கு அடியும் அவமானமும். பெற்றோர் தம் பிள்ளைகளின் நன்மைக்காக வீட்டிலும் அதைப் பேசுவதை விட்டார்கள். இன்று அங்கே சரளமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்; குபூஸ் போன்ற ஆற்றோர ஊர்களில் இருக்கிறார்கள். அரசியல் சாசனம் கொய், நாமா, சான் மொழிகளை வளர்க்கச் சொல்கிறது, ஆனால் ஆட்சிமொழிப் பட்டியலில் அவை இல்லை. ஒரு நாட்டின் ஆகப் பழைய மொழிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லாமல் போனது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

குடும்பத்தில் பெயர் வைக்கும் முறை வித்தியாசமானது என்கிறார்களே?

பழைய முறையில் மகன் தாய்வழிப் பெயரையும் மகள் தந்தைவழிப் பெயரையும் பெறுவார்கள். ஆண் விகுதியும் பெண் விகுதியும் மாறி ஒட்டிக்கொள்ளும். அதனால் கூடப்பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர். கிறிஸ்தவ ஞானஸ்நானப் பதிவேடுகளும் அரசுப் பதிவேடுகளும் தந்தை பெயரைக் கேட்கத் தொடங்கியபின் இந்த முறை மங்கிவிட்டது.

கல்யாணத்தில் மட்டும் பழைய வழக்கங்கள் பல நிற்கின்றன. பெண் கேட்கப் போவதே நாள்கணக்கில் நடக்கும் பேச்சுவார்த்தை. பெண்ணின் தாய்க்கு ஒரு பசு தரும் வழக்கம் உண்டு; மகளை முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்ததற்கான மரியாதை அது.

அவர்களுடைய தெய்வங்கள்?

இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பழைய நம்பிக்கையில் ட்சூய்கோவாப் மழை தரும் பெரிய தெய்வம். தீமையின் வடிவான கௌனாப்போடு போரிட்டு முழங்காலில் காயம்பட்டவர். ஹைட்சி-ஐபிப் என்றொரு வீரர். பலமுறை இறந்து பலமுறை உயிர்த்தெழுந்தவர், நினைத்த உருவம் எடுப்பவர். அவர் இறந்த இடமெல்லாம் கல்லறைகள் என்பதால் நாமாகுவாலாந்தில் பல பாதைகளின் ஓரத்தில் கற்குவியல்கள் இருக்கின்றன. அந்த வழியாகப் போகிறவர் ஒரு கல்லையோ மரக்கிளையையோ அதன்மேல் போட்டு, வழித்துணை கேட்டுவிட்டுப் போவார். நடந்து போனவர்களின் கைபட்டுத்தான் அந்தக் குவியல்கள் வளர்ந்தன.

நிலம் எப்படிக் கை மாறியது?

பல விதமாக. ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் மற்றவை எப்படி நடந்திருக்கும் என்று புரியும்.

1883-ல் அடால்ஃப் லூடரிட்ஸ் என்ற பிரேமன் நகர வியாபாரியின் ஆள் பெத்தானி ஊர்த் தலைவர் யோசஃப் ஃப்ரெடரிக்ஸிடம் வந்தார். முதலில் ஒரு விரிகுடாவை 100 பவுனுக்கும் 200 துப்பாக்கிக்கும் வாங்கினார்கள். சில மாதம் கழித்து இன்னொரு ஒப்பந்தம்: காரீப் முகத்திலிருந்து வடக்கே நீளும் கடற்கரை, உள்நாட்டுப் பக்கமாக 20 மைல் அகலம், விலை 500 பவுனும் 60 துப்பாக்கியும். ஃப்ரெடரிக்ஸுக்குத் தெரிந்த மைல் ஆங்கில மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். பத்திரத்தில் எழுதியிருந்தது 'புவியியல் மைல்'. அது ஏறக்குறைய 7.4 கிலோமீட்டர். முப்பத்திரண்டு கிலோமீட்டர் விற்றதாக நினைத்தவரிடமிருந்து 148 கிலோமீட்டர் போய்விட்டது. அவருடைய மக்களின் நிலத்தில் பெரும்பகுதி அதில் அடக்கம்.

இது தெரியாமல் நடந்த குழப்பமில்லை. விற்பவருக்கு எந்த மைல் என்று தெரியாது என்பது வாங்கியவருக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனி அந்தப் பகுதியைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. அந்த விரிகுடாவில் இன்றைக்கும் அந்த வியாபாரியின் பெயரிலேயே நகரம் இருக்கிறது. 2013-ல் அந்தத் தொகுதிக்கு மட்டும் நாமிநூஸ் என்ற நாமா பெயரை மீட்டு வைத்தார்கள். தழுவல் என்று பொருள்.

ஹென்ட்ரிக் விட்பூய் ஏன் இவ்வளவு முக்கியமானவர்?

எழுதியவர் என்பதால். வீரர்கள் பலர் இருந்தார்கள். விட்பூய் போரிட்டதோடு எல்லாவற்றையும் எழுதிவைத்தார். கேப் டச்சு மொழியில் அவர் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்பும் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஜெர்மன் காலனியாட்சியை எதிர்கொண்டவரின் குரலை, அவர் எழுத்திலேயே நாம் கேட்க முடிகிறது.

1890-ல் ஹெரேரோ என்ற அண்டை மேய்ச்சல் மக்களின் தலைவர் மஹரேரோ ஜெர்மானியரின் பாதுகாப்பை ஏற்றபோது, இத்தனை காலம் தன்னோடு சண்டை போட்ட அந்த மனிதருக்கு விட்பூய் கடிதம் எழுதினார். இதை ஏற்றது சூரியனை முதுகில் சுமப்பது போன்றது, ஒருநாள் வருந்துவீர் என்பது அதன் சாரம். விட்பூய் கையெழுத்திட மறுத்தார். 1893 ஏப்ரல் 12 விடியற்காலையில் கர்ட் ஃபான் ஃப்ரான்சுவா தலைமையில் ஜெர்மன் படை ஹோர்ன்க்ரான்ஸ் என்ற அவருடைய குடியிருப்பைத் தாக்கியது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அன்று கைப்பற்றிய அவருடைய பைபிளும் சாட்டையும் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்குப் போய், 2019-ல்தான் நாடு திரும்பின.

1894-ல் அவர் பணிந்து ஒப்பந்தம் செய்துகொண்டதையும், அடுத்த பத்தாண்டு ஜெர்மானியர் பக்கம் ஆட்களை அனுப்பியதையும் மறைக்கக் கூடாது. 1904 அக்டோபரில் மறுபடி எழுந்தார். அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1905 அக்டோபர் 29 அன்று சண்டையில் குண்டடிபட்டு இறந்தார்.

1904-08 இனப்படுகொலையில் நாமாக்களுக்கு என்ன நடந்தது?

ஹெரேரோ மக்களைப் பாலைவனத்துக்குள் விரட்டிய அதே ஜெர்மன் தளபதி லோதர் ஃபான் ட்ரோத்தா 1905 ஏப்ரலில் நாமாக்களுக்கும் எச்சரிக்கை விடுத்தார்: சரணடையாதவர்களுக்கு ஹெரேரோக்களுக்கு நேர்ந்ததே நேரும் என்று. அன்றைய நாமா மக்கள்தொகை 20,000 அளவில் இருந்திருக்கும் என்கிறார்கள். அவர்களில் சுமார் 10,000 பேர் போரிலும் முகாம்களிலும் மாண்டார்கள்.

முகாம்களில் மிகக் கொடியது லூடரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவு. வறண்ட உள்நாட்டில் வாழ்ந்தவர்களைக் குளிர்ந்த கடற்காற்று அறையும் பாறைமேல் கொண்டுபோய், கிழிசல் கூடாரத்தில் விட்டு, துறைமுக வேலையும் ரயில்பாதை வேலையும் வாங்கினார்கள். பசி, வைட்டமின் சி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோய், குளிர். பெத்தானிப் போராளி கொர்னேலியஸ் ஃப்ரெடரிக்ஸ் அங்கேதான் 1907-ல் இறந்தார். இறந்தவர்களின் மண்டையோடுகளை 'ஆராய்ச்சி' என்ற பெயரில் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 2011, 2014, 2018 ஆண்டுகளில் அவற்றில் சில திரும்பி வந்தன. அந்தத் தீவு பல ஆண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகள் கூடாரம் போட்டுத் தங்கும் இடமாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் மனது ஆறவில்லை.

நமீபியா 2025 முதல் மே 28-ஐ இனப்படுகொலை நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. 1907-ல் முகாம்களை மூட உத்தரவு வந்த நாள் அது.

ஜெர்மனி மன்னிப்புக் கேட்டு ஈடு கொடுத்துவிட்டதா?

முழுதாக இல்லை. 2021 மே மாதம் ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக இரு அரசுகளும் கூட்டறிக்கை தயாரித்தன. ஆனால் அது வளர்ச்சித் திட்டங்களுக்கான உதவி. இழப்பீடு என்ற சொல்லை ஜெர்மனி தவிர்த்தது. நாமா மரபுத் தலைவர்கள் சங்கமும் ஹெரேரோ மரபு ஆணையமும் அதை ஏற்கவில்லை. எங்களை வைத்துக்கொள்ளாமல் எங்களைப் பற்றிப் பேசினீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

நாய் வரிக்காக ஒரு போர் நடந்ததாமே?

1922-ல். நமீபியாவின் ஆட்சி அப்போது தென்னாப்பிரிக்காவின் கையில். பொண்டல்ஸ்வார்ட் நாமாக்கள் வேட்டைக்கும் மந்தைக் காவலுக்கும் நாயை நம்பி வாழ்ந்தவர்கள். நாய் வரியை ஏற்றி அவர்களைக் கூலி வேலைக்குத் தள்ளப் பார்த்தார்கள். எதிர்த்தபோது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். நூறு பேர் அளவில் இறந்தார்கள். ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தில் கண்டனம் எழுந்தது, அதோடு சரி.

நிலத்தைத் திரும்பப் பெற்ற வழக்கு எது?

ரிக்டர்ஸ்வெல்ட் வழக்கு. இதற்காகத்தான் மேலே கிடைகளைப் பற்றி அவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

1847-ல் பிரிட்டன் ரிக்டர்ஸ்வெல்டைக் கேப் காலனியோடு சேர்த்துக்கொண்டது. மக்கள் தம்பாட்டுக்கு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1920-களின் நடுவில் கடற்கரை ஓரத்தில் வைரம் கிடைத்தது. உடனே அரசு அந்த நிலத்தை அரசு நிலம் என்றது, வேலி வந்தது, காவல் வந்தது, மக்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். பின்னாளில் அலெக்ஸ்கோர் என்ற அரசு நிறுவனம் அங்கே வைரம் தோண்டியது.

நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1913-க்குப் பிறகு இனப்பாகுபாட்டால் நிலம் இழந்தவர்கள் கேட்டுப் பெறலாம் என்று சட்டம் வந்தது. ரிக்டர்ஸ்வெல்ட் மக்கள் ஏறத்தாழ 85,000 ஹெக்டேர் கேட்டு வழக்குப் போட்டார்கள். நில உரிமை நீதிமன்றம் முதலில் தள்ளிவிட்டது. 1847-லேயே உங்கள் உரிமை போய்விட்டது, நாடோடிகளான உங்களுக்கு நில உடைமை ஏது என்ற பழைய காலனிய வாதம் அங்கே மறுபடி தலைகாட்டியது.

மேல்முறையீட்டில் நிலைமை திரும்பியது. 2003 அக்டோபர் 14 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்தச் சமூகத்துக்குத் தன் மரபுச் சட்டப்படி நிலத்தின் முழு உடைமையும் இருந்தது, மண்ணுக்கடியில் உள்ள கனிமங்களும் அதில் அடக்கம், பிரிட்டிஷ் இணைப்பு அதை அழிக்கவில்லை. வெளியார் அனுமதி பெற்றே மேய்த்தது, சில சமயம் அதற்குக் கட்டணம் கொடுத்தது, கனிமம் எடுக்கச் சமூகமே குத்தகை விட்டது எல்லாம் சான்றாக ஏற்கப்பட்டன. பத்திரம் இல்லாத உடைமையும் உடைமையே என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழங்குடி நில உரிமை பேசுபவர்கள் உலகெங்கும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

2007-ல் உடன்பாடு எட்டப்பட்டது. நிலம் கிடைத்தது, சுரங்கத்தில் பங்கும் கிடைத்தது. அப்புறம் எல்லாம் சுகமே என்று எழுத ஆசைதான். சமூகச் சொத்துச் சங்கத்துக்குள் பிணக்குகள் வந்தன, பணம் வீடுகளை எட்டவில்லை என்ற குறை பல ஊர்களில் இருக்கிறது.

அதே ரிக்டர்ஸ்வெல்ட்தானா உலகப் பாரம்பரியக் களம்?

மலைநாடு ஒன்றுதான், துண்டுகள் வேறு. உலகப் பாரம்பரியக் களம் 160,000 ஹெக்டேர். 2007-ல் பட்டியலில் சேர்ந்தது. பாய் வீடும் பருவ மேய்ச்சலும் நிலத்தோடு சேர்ந்து உயிரோடு இருப்பதே அதன் மதிப்பு. அந்த நிலம் சமூகத்துக்குச் சொந்தம், நிர்வாகமும் அவர்களுடையது.

பக்கத்தில் தேசியப் பூங்கா 1991-லிருந்து இருக்கிறது. முதலில் போட்ட திட்டப்படி மேய்ப்பர்கள் வெளியேற வேண்டும். 1989-ல் கையெழுத்துக்கு நாள் குறித்தபின் ஊர்க்காரர்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டு பேசி, 6,600 ஆடுகள் உள்ளே மேயலாம், நிலத்துக்கு வாடகை தர வேண்டும் என்று மாற்றி எழுத வைத்தார்கள்.

என்ன சாப்பிடுவார்கள்?

பாலும் ஆட்டிறைச்சியும் அடிப்படை. டோப்நார்களின் நாரா பழம் தனியாகச் சொல்ல வேண்டியது. குய்செப் ஆற்றின் மணல்மேடுகளில் இலையே இல்லாமல், முழுக்க முள்ளாக ஒரு புதர் வளர்கிறது. வேர் மிக ஆழத்தில் நிலத்தடி நீரைத் தேடிப் போகும். அதில் காய்ப்பதுதான் நாரா, முள்தோல் போர்த்திய சிறு முலாம்பழம் போல. சதையைக் காய்ச்சி வடிகட்டினால் விதை தனியே வரும். மிச்சக் குழம்பை மணலில் ஊற்றிக் காயவைத்துத் தட்டையான இனிப்பாகச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். விதை கொறிக்கவும் விற்கவும். எந்தப் புதர் எந்தக் குடும்பத்துக்கு என்று முன்பெல்லாம் பிரித்து வைத்திருந்தார்கள். மணல்மேட்டுக்கும் உடையவர் உண்டு!

உடை, இசை, நடனம்?

பெண்களின் நீண்ட பாவாடைச் சட்டை மிஷனரிகளின் காலத்தில் வந்தது. வண்ணத் துண்டுகளை ஒட்டுத் தையலாக இணைத்து அதைத் தமக்கே உரிய உடையாக்கிக்கொண்டார்கள். ஆமையோட்டில் மணப்பொடி வைத்துப் பூசும் பழைய வழக்கமும் உண்டு. மணமுள்ள மூலிகைச் செடிகளை உலர்த்தி இடித்த பொடி அது. நாமாஸ்டாப் நடனத்தில் கால்கள் தரையை விட்டு அதிகம் எழாது. சின்னச் சின்ன வேகமான அடிகளில் புழுதி கிளம்பும். வில் கருவி, வயலின், கிட்டார், வாயிசைக்கருவி எல்லாம் கூடச் சேரும். இந்த இசை அறிவை 2020-ல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான், அவர்களும் முதியவர்கள்.

போய்ப் பார்க்க வேண்டுமென்றால்?

நாமாகுவாலாந்தின் பூக்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர். குளிர்கால மழை நன்றாக இருந்தால் தரிசெல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிடும். நமீபியப் பக்கத்தில் மீன் ஆற்றுப் பள்ளத்தாக்கும், கீட்மன்ஸ்ஹூப் அருகே அம்பறாத்தூணி மரக்காடும் இருக்கின்றன. ரிக்டர்ஸ்வெல்டில் எக்ஸ்டீன்ஃபொன்டேன், குபூஸ், லெக்கர்சிங், சாண்ட்ரிஃப் ஊர்களில் தங்கினால் பணம் ஊர்க்காரர்களிடம் போகும். வழி மோசம், உயரமான வண்டி தேவை, தண்ணீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவுகளில் தனியாக நிற்கும் ஒரு செடியைத் தேடிப் பாருங்கள். கிளையில்லாத முள்தண்டு, ஆளுயரம், உச்சியில் தலைமுடி போல இலைக்கொத்து. அரைமனிதன் என்று பெயர். எல்லாச் செடிகளின் தலையும் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கிலிருந்து ஆற்றைக் கடந்து விரட்டப்பட்ட முன்னோர்கள், விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்த்தபடியே செடியாகிவிட்டார்கள் என்பது நாமாக்கள் சொல்லும் கதை. அந்தச் செடியைப் பறிக்காதீர்கள்; திருட்டு விற்பனையால் அங்குள்ள சதைப்பற்றுச் செடிகள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகின்றன.

ஊருக்குள் நுழைந்ததும் யாரையாவது பார்த்தால் 'மதீசா?' என்று கேளுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நன்றி சொல்ல 'கங்கன்ஸ்'. இரண்டிலும் சொடுக்கு இல்லை, தைரியமாகச் சொல்லலாம்.